சங்கிலியும் சாயமும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கிழக்கெல்லையில் கொலம்பியானா என்றொரு கவுண்டி உண்டு. நம் வழக்கில் மாவட்டம் என்று கொள்ளலாம். வயல்களும் சிற்றூர்களும் மிகுந்த நாட்டுப்புறம். அத்தகைய கவுண்டிகளின் பழைய வரைபடங்களைப் பார்க்கும்தோறும், ஒரே மண்ணை இருவேறு கண்கள் நோக்கியிருப்பதை உணர்கின்றோம். ஒன்று, நிலத்தை விற்பவனின் கண். மற்றொன்று, நட்டத்திற்கு அஞ்சுபவனின் கண்.

விற்றவர் அரசாங்கத்தார். விடுதலைப் போரின் கடன் அழுத்தவே, மேற்கு நிலங்களை விற்கக் கருதி 1785இல் சட்டம் இயற்றினர். அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள், இன்றைய இக்கவுண்டியின் ஆற்றோரத்தில், தாமஸ் ஹட்சின்ஸ் அளவையைத் தொடங்கினார். 66 அடிச் சங்கிலி. அதில் 100 கண்ணிகள். (நம் பழைய புலப்படங்களில் 'லிங்க்ஸ்' என்று காண்கின்றோமே, அதே கணக்குத்தான்!) ஆறு மைல் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் 640 ஏக்கர் கொண்ட 36 பங்குகள். பதினாறாம் பங்கு பள்ளிக்கூடத்திற்கென ஒதுக்கப்பட்டது. அந்த முன்யோசனையைப் பாராட்டாதிருக்க இயலவில்லை.

ஆனால், அது யாருடைய நிலம்? அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களுள் பலர் இவ்விற்பனைக்கு இசையவில்லை. அவர்களது எதிர்ப்புச் செய்தி எட்டியதும், சில மைல்களே அளந்திருந்த ஹட்சின்ஸ் சில நாட்களிலேயே பணியை நிறுத்த நேர்ந்தது. பின்னர்ப் படை துணைக்கு வந்தது; கோடுகள் நீண்டன. மூலைகளைக் குறிக்க அளவையாளர்கள் அருகிலிருந்த மரங்களின் பட்டையைச் செதுக்கி அடையாளமிட்டு, அவற்றின் இனம், பருமன், தொலைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதினர். அழிந்துபோன காடு எவ்வாறிருந்தது என்பதை ஆய்வாளர்கள் இன்று அறிவது அம்மரக் குறிப்புகளால்தான். மரங்களுக்குக் கிடைத்த இடம் அம்மக்களுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

தீக்காப்பீட்டு வரைபடங்கள் வேறு வகை. 1867இல் நியூயார்க்கில் சான்பார்ன் என்பவர் நிறுவிய நிறுவனம், ஏறத்தாழ 12,000 ஊர்களைக் கட்டிடம் கட்டிடமாக வரைந்தது. ஓர் அங்குலத்திற்கு 50 அடி என்பது பெருவழக்கு. செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்திற்கு மஞ்சள், கருங்கல்லுக்கு நீலம் எனக் கையால் சாயம் தீட்டினர். சன்னல்கள், கூரை, தண்ணீர்க் குழாய் எதுவும் விடுபடவில்லை. கட்டிடம் மாறினால் புதிய தாளை வெட்டிப் பழையதன்மேல் ஒட்டினர். ஒட்டுகளை எண்ணினாலே ஊரின் வளர்ச்சி விளங்கிவிடும்! புதையுண்ட பெட்ரோல் தொட்டிகளைத் தேடுவோர்க்கு இன்றும் இவை உதவுகின்றன.

எனினும், நாட்டுப்புறத்தில் இச்சாயம் ஊர்க்கோடியோடு நின்றுவிடும். உழவர்கள் தமக்குள் பணம் திரட்டி நட்டத்தைப் பகிரும் பரஸ்பரச் சங்கங்களை நம்பியிருந்தனர்; அவர்களது தனித்த வீடுகளை வரைய நிறுவனத்திற்குத் தேவையும் இல்லை. ஆகவே, பாட்டனாரின் பண்ணை வீட்டைத் தேடிவரும் பேரனுக்கு அளவைப் படத்தில் சதுரத்தின் எண் கிடைக்கும். வீடு மரத்தாலானதா, கல்லாலானதா, எத்தனை சன்னல்கள் என்று அவன் கேட்டால், இவ்விரு படங்களிலும் விடை கிடையாது.