நாற்பது ஆண்டு நாற்காலி

மேயர் என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருபவை ஓர் அங்கி, ஒரு தங்கச் சங்கிலி, ஒரு கத்தரிக்கோல் ஆகிய மூன்றுதான். அங்கியையும் சங்கிலியையும் அணிந்துகொண்டு நாடாவை வெட்டுவதற்கென்றே இந்த மனிதரைக் கடவுள் படைத்திருக்கிறார் என்று குழந்தைகள் எண்ணினால், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வரி கட்டும் வயது வந்த பிறகு, தெருவிளக்கு எரியாத இரவிலும், குழாயில் காற்று மட்டும் வருகின்ற காலையிலும், நகரசபை என்று ஒன்று உண்டு என்ற ஞானம் நமக்குப் பிறக்கிறது. தேசத்தை ஆள்பவர்களைப் பற்றித் திண்ணையில் மணிக்கணக்காய்ப் பேசும் நாம், நம் வீட்டு வாசலை ஆள்பவரைப் பற்றி அநேகமாய்ப் பேசுவதேயில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் ஒரே நாற்காலியில் வெகுகாலம் அமர்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டால், நமக்கு முதலில் தோன்றுவது மரியாதையன்று, சந்தேகமே. அவர் நாற்காலியை விடவில்லையா, நாற்காலி அவரை விடவில்லையா என்று விசாரிக்கத் தோன்றுகிறது. இந்தச் சந்தேகம் ஆரோக்கியமானது என்றே நாம் கருதுகிறோம். அதைக் கைவிடாமலே, 40 ஆண்டுகள் ஒரு சிறு நகரத்துக்கு மேயராயிருந்த ஓர் அமெரிக்கரின் சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்லப் புகுகிறோம்.

அவர் பெயர் ஜோஸப் ரைலி. ஊர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தெற்குக் கரோலினா ராஜ்யத்தைச் சேர்ந்த சார்ல்ஸ்டன். ஆஷ்லி, கூப்பர் என்ற இரு நதிகளுக்கு நடுவே, அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கி நாக்கைப் போல் நீண்டு கிடக்கும் நிலத்தில் அமைந்த பழைய பட்டணம் அது. ஆங்கிலேயர் அந்தப் பகுதியில் குடியேறியது 1670-இல். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1861 ஏப்ரலில் தொடங்கியபோது முதல் குண்டுகள் விழுந்தது இந்தத் துறைமுகத்துக் கோட்டையின் மீதுதான்.

பார்ப்பதற்கு மிக அழகான ஊர். தூண் வைத்த தாழ்வாரங்கள், மாதா கோயில் கோபுரங்கள், நிழல் தரும் பெருமரங்கள். ஆனால் அந்த அழகுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நெல்லும் அவுரியும் பருத்தியும் விளைவித்த அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் ஆப்பிரிக்க அடிமைகள் வந்திறங்கிய துறைமுகங்களுள் இதற்கு இணையாக வேறொன்றில்லை. காட்ஸ்டன் துறை என்ற இடத்தில் மனிதர்களைக் கப்பலிலிருந்து இறக்கி விற்றார்கள். 1808-இல் சட்டம் தடுக்கும் வரையில் அந்த வியாபாரம் நடந்தது. ஆகவே சார்ல்ஸ்டன் மேயருக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு என்று சொல்லலாம். ஒன்று ஊரின் அழகு. மற்றொன்று ஊரின் கடன். முதலாவதைக் கவனித்தாலே கைதட்டல் கிடைக்கும். இரண்டாவதைத் தொட்டால் கல் விழும். ரைலி இரண்டையும் தொட்டார் என்பதே அவரைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது.

அவர் 1943-இல் அந்த ஊரிலேயே பிறந்தவர். உள்ளூர் ராணுவக் கல்லூரியான ஸிடடெலில் 1964-இல் பட்டம் பெற்றார். 1967-இல் சட்டப் படிப்பை முடித்தார். 1968-இல், 25-ஆம் வயதில், ராஜ்யச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975 டிசம்பரில் மேயரானபோது அவருக்கு வயது 32. அந்த ஊரில் மேயரை ஜனங்கள் நேராகவே தேர்ந்தெடுக்கிறார்கள். நகரசபைக்குத் தலைமை வகிப்பவரும் அவரே; நிர்வாகத்தை நடத்துபவரும் அவரே. சங்கிலி இல்லை, ஆனால் சாவி உண்டு.

அவர் சாவியை வாங்கிய காலத்தில் ஊர் வாடிக் கிடந்தது. வசதியுள்ளவர்கள் புறநகரங்களுக்குப் போய்விட்டார்கள். கடைத்தெருவின் நடுநாயகமான கிங் தெருவில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. அதன் மத்தியில் ஒரு பெரிய ஹோட்டலும் கடைகளும் சேர்ந்த கட்டடத்தை எழுப்ப வேண்டும் என்று ரைலி முனைந்தபோது, பழமையைக் காப்பவர்கள் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குகளையெல்லாம் தாண்டி, கட்டடம் 1986-இல் திறக்கப்பட்டது. தெருவுக்கு உயிர் திரும்பிற்று. இதற்கிடையில், இத்தாலிய இசைமேதை ஜான் கார்லோ மெனோட்டி தமது ஸ்பொலேட்டோ கலை விழாவுக்கு அமெரிக்காவில் ஓர் இடம் தேடியபோது, ரைலி தம் ஊரைத் தந்தார். 1977 முதல் அவ்விழா வருஷந்தோறும் நடந்து வருகிறது.

இவையெல்லாம் பணக்காரர்களுக்கும் பிரயாணிகளுக்கும் பிடித்த காரியங்கள் அல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஏழைகளின் வீடுகளில் கிடைக்கிறது.

சர்க்கார் ஏழைகளுக்கு வீடு கட்டினால் அது எப்படியிருக்கும் என்பது உலகறிந்த விஷயம். ஊருக்கு வெளியே, வரிசையாக, பெட்டி பெட்டியாக, இது ஏழை வீடு என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போல் இருக்கும். ரைலி 1980-களில் வேறு வழி கண்டார். வீடுகளை ஒரே இடத்தில் குவிக்காமல், பல தெருக்களில் வெறுமையாய்க் கிடந்த மனைகளில் பிரித்துக் கட்டச் செய்தார். சார்ல்ஸ்டனில் பரம்பரையாக ஒரு வீட்டு அமைப்பு உண்டு. அகலத்தில் ஒரே அறை; குறுகிய பக்கம் தெருவை நோக்கும்; நீண்ட பக்கத்தில் காற்று வாங்கும் தாழ்வாரம் ஓடும். ஏழைகளின் புது வீடுகளும் அதே அமைப்பில் எழுந்தன. தெருவில் நடந்து போகிறவருக்கு எது தனவந்தர் வீடு, எது வாடகைச் சலுகை பெற்றவர் வீடு என்று சட்டென்று தெரியாது. அழகாயிராத எதையும் சர்க்கார் கட்டலாகாது என்பது அவர் கொள்கை. அழகு என்பது ஏழைக்கு எட்டாத ஆடம்பரமன்று, அவனுக்கும் உரிய பாத்தியதை என்று அவர் நினைத்தார்.

கூப்பர் நதிக்கரையிலும் அதே எண்ணந்தான். 1955-இல் தீப்பற்றியெரிந்து பாழாய்க் கிடந்த துறைகள் அங்கே இருந்தன. அந்த இடத்தில் மாளிகைகளைக் கட்டி விற்றிருந்தால் வரி கொழுத்திருக்கும். நகரசபை 1979-இல் அந்நிலத்தை வாங்கி, பொதுஜனப் பூங்காவாக்கத் திட்டமிட்டது. வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1989 செப்டம்பர் 21-ந் தேதி நள்ளிரவையொட்டி, ஹ்யூகோ என்ற பெரும் புயல் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. ஆயினும் 1990 மே மாதத்தில் பூங்கா திறக்கப்பட்டது. ஊரின் மிக நல்ல இடம் ஊரார் எல்லோருக்கும் சொந்தமாயிற்று.

இந்த அநுபவத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. மேயர்களுக்கு நகர அமைப்பைக் கற்பிக்கும் ஒரு பள்ளி வேண்டுமென்று அவர் கூறியதன் பேரில், 1986-இல் அத்தகைய ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட மேயர்கள் அதில் பாடம் கேட்டிருக்கிறார்கள்.

இனி, கடனுக்கு வருவோம். டென்மார்க் வீஸி என்பவர் சார்ல்ஸ்டனில் வாழ்ந்த கறுப்புத் தச்சர். லாட்டரியில் கிடைத்த பணத்தைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கியவர். அடிமைகளின் கலகத்துக்குத் திட்டமிட்டார் என்று 1822-இல் அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். ரைலி மேயரான மறு வருஷம், 1976-இல், வீஸியின் படமொன்றை நகரத்தின் கலையரங்கத்தில் மாட்டினார்கள். படம் களவு போயிற்று. அது திரும்பி வராவிட்டால் இன்னொரு படம் வரையச் செய்வோம் என்று மேயர் அறிவித்தார். களவு போன படம் திரும்பி வந்தது! 1982-இல் ரூபன் கிரீன்பர்க் என்ற கறுப்பு இனத்தவரைப் போலீஸ் தலைவராக நியமித்தார். அந்த நகரில் அப்பதவிக்கு அவ்வினத்தவர் வந்தது அதுவே முதல் தடவை. வெள்ளையர் சிலர் மேயரையே ‘கறுப்பு ஜோ’ என்று பரிகசித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. 1994-இல் ராஜ்யத்தின் கவர்னராக வேண்டி, கட்சிக்குள் நடந்த தேர்தலில் மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். தோற்றவர் மறுபடி மேயர் வேலைக்குத் திரும்பினார்.

ராஜ்யத் தலைநகரான கொலம்பியாவில், சட்டசபைக் கோபுரத்தின் உச்சியில், அடிமை முறைக்காகப் போர் புரிந்த பழைய தென்னாட்டாரின் கொடி 1960-களிலிருந்து பறந்து வந்தது. அதை இறக்க வேண்டுமென்று, 2000 ஏப்ரலில், ரைலி சார்ல்ஸ்டனிலிருந்து கொலம்பியாவுக்கு ஏறத்தாழ 120 மைல் தூரம் ஐந்து நாள் நடந்தார். கால்நடைக்கு உள்ள வலிமையை நம் தேசத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வருஷம் ஜூலை முதல் தேதி கொடி கோபுரத்திலிருந்து இறங்கிற்று. ஆனால் வாசலில் உள்ள போர்வீரர் நினைவுத் தூணின் அருகே மறுபடி ஏறிற்று. பாதி வெற்றிதான். வீஸிக்கு ஒரு சிலை வேண்டுமென்று 1996-இல் எழுந்த கோரிக்கை நிறைவேறியது 2014-இல். அதற்கு 18 வருஷம் பிடித்தது.

அவருடைய ஆட்சியில் குறையே இல்லையா? உண்டு. 2007 ஜூன் 18-ந் தேதி ஓர் அறைகலன் கடையில் பற்றிய தீயில் நகரத்துத் தீயணைப்பு வீரர்கள் ஒன்பது பேர் மாண்டார்கள். படையின் பயிற்சியும் முறைகளும் காலத்துக்குப் பின்தங்கியிருந்தன என்று விசாரணையில் வெளியாயிற்று. 31 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட மேயர் அதற்குப் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. நீண்ட ஆட்சியில் கண்ணுக்குப் பழகிப்போன மூலைகள் இருட்டிலேயே இருந்துவிடுகின்றன.

இன்னொரு குறை, வெற்றியிலிருந்தே பிறந்தது. ஊர் அழகாக அழகாக, நிலத்தின் விலையும் வாடகையும் ஏறின. பரம்பரையாய் வாழ்ந்த கறுப்புக் குடும்பங்கள் பல பழைய நகரத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 1980-இல் நகர ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதியாயிருந்த அவ்வினத்தார் 2010-இல் சுமார் கால் பங்கு ஆனார்கள். புறநகரங்களை நகரத்தோடு சேர்த்தது ஒரு காரணமென்றாலும், விலைவாசியும் காரணமே. ஏழையின் வீட்டை அழகாக்குவது கடினம். அழகான ஊரில் ஏழையைக் குடிவைத்திருப்பது அதனினும் கடினம்.

2015 ஜூன் 17-ந் தேதி இரவு, கறுப்பு இனத்தாரின் பழம்பெரும் இம்மானுவேல் ஆலயத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்தவர்களோடு ஒரு வெள்ளை இளைஞன் வந்து உட்கார்ந்தான். அவர்கள் அவனை வரவேற்றார்கள். அவன் இனவெறியால் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். ஆலயத்தின் போதகரும் ராஜ்யச் சட்டமன்ற உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னி மாண்டவர்களுள் ஒருவர். ஊர் தீப்பற்றி எரியும் என்று பலர் அஞ்சினார்கள். எரியவில்லை. இறந்தவர்களின் உற்றாரில் சிலர், கொன்றவனை மன்னிப்பதாக நியாயஸ்தலத்திலேயே கூறினார்கள். அந்தப் பெருந்தன்மை எந்த மேயரின் சாதனையுமன்று. அது அந்த ஜனங்களின் சொத்து. ஜூலை 10-ந் தேதி அந்தக் கொடி சட்டசபை வளாகத்திலிருந்தே அகற்றப்பட்டது. அதற்கு ஒன்பது உயிர்கள் விலையாக வேண்டியிருந்ததே என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

பத்துத் தேர்தல்களில் வென்ற ரைலி, 2016 ஜனவரியில் தாமாகவே நாற்காலியை விட்டிறங்கினார். 2018 ஜூன் 19-ந் தேதி, சார்ல்ஸ்டன் நகரசபை அடிமை வியாபாரத்தில் தன் நகரத்துக்கு இருந்த பங்குக்காகப் பகிரங்கமாய் மன்னிப்புக் கோரிற்று.

அவர் தொடங்கிய காரியங்களுள் பெரியது மட்டும் இன்னும் முடியாமலிருந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கரின் சரித்திரத்தைச் சொல்லும் ஒரு காட்சிசாலை வேண்டுமென்று அவர் கூறியது 2000-இல். பத்துக் கோடி டாலருக்கு மேல் பணம் தேவைப்பட்டது. பதவி போன பின்னும் அவர் அதற்காகப் பணம் திரட்டினார். 2023 ஜூன் 27-ந் தேதி அது திறக்கப்பட்டது. காட்ஸ்டன் துறை இருந்த அதே இடத்தில், தரையிலிருந்து 13 அடி உயரத்தில், 18 தூண்களின்மேல் அது நிற்கிறது. மனிதரை விற்ற மண்ணின்மேல் கட்டடத்தின் பாரம் பரவாதபடி கீழே நினைவுத் தோட்டமாக விட்டுவிட்டார்கள்.

நம் பழைய சந்தேகத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறோம். அது பத்திரமாகவே இருக்கிறது. நாற்பது ஆண்டு நாற்காலியில் இருந்தது ஒரு பெருமையன்று. ஆனால் பூங்காவுக்கு 11 வருஷமும், சிலைக்கு 18 வருஷமும், காட்சிசாலைக்கு 23 வருஷமும் ஆகின்றன. அடுத்த தேர்தலுக்குள் முடிகின்ற வேலையை மட்டுமே தொடங்குபவர்களால் ஓர் ஊரின் கடன் தீராது. இனி யாரேனும் பல காலம் பதவியில் இருந்தார் என்று கேள்விப்பட்டால், எத்தனை ஆண்டு என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். அத்தனை ஆண்டு பிடிக்கக்கூடிய எந்தக் காரியத்தில் கை வைத்தார் என்றும் கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் உள்ளவரானால், கழுத்தில் சங்கிலி இல்லாவிட்டாலும் எழுந்து நின்று வணங்கலாம்.