நெருஞ்சி இருக்கா?

காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் வாசலில் நின்றே சொல்லலாம். சலக்கடுப்பு என்றால் வாப்பா வெளியே போகும்வரை காத்திருந்து, குசினிக்குள் போய் உம்மாவின் காதுக்குள் சொல்ல வேண்டும். உம்மம்மாவுக்கு அதுவும் தேவையில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் நான் நான்கு தரம் பின்வளவுக்குப் போய் வந்ததைக் கண்டவர், ஒன்றும் கேட்காமல் சுளகை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் எங்கள் வளவு மணல் நிலம். நெருஞ்சியை அங்கே தேடத் தேவையில்லை, அதுவே காலைத் தேடி வந்து குத்தும். உம்மம்மா அதை வேரோடு பிடுங்கிக் கழுவி, தேங்காய்ப்பூக்கீரை ஒரு பிடியும் கொத்தமல்லி கொஞ்சமும் சேர்த்து அவித்தார். மற்றக் கசாயங்களை எட்டொன்றாய் வற்ற வைப்பவர் இதை மட்டும் வற்ற விடுவதில்லை. "இது நெஞ்சுச் சளிக்கு இல்ல மகள். தண்ணியாத்தான் குடிக்கோணும், செம்பு செம்பாக் குடிக்கோணும்" என்பார். ஆனைநெருஞ்சி கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். அதன் கொப்பை ஒரு குவளைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் சற்று நேரத்தில் தண்ணீர் முட்டை வெள்ளைக்கருவைப் போல வழுவழுப்பாகிவிடும். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்ப்பதற்காகவே கலக்குவோம்.

தமிழ்ப் பாடத்தில் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயர்களை மனனம் செய்தபோது சிறுபஞ்சமூலம் என்ற பெயர் வந்தது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரைத்தான் காரியாசான் தன் நூலுக்கு வைத்தார் என்று ஆசிரியை சொன்னார். எங்கள் வேலியோரத்து முள் அந்தப் பட்டியலில் இருந்ததில் எனக்கு ஒரு பெருமை. யூனானி வைத்தியர்களும் இதே நெருஞ்சியைக் கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் கொடுத்து வந்திருக்கிறார்கள். அர்ராஸி சிறுநீரகக் கல்லைப் பற்றித் தனி நூலே எழுதியவர். இப்னு ஸீனா தமது அல்கானூனில் சிறுநீரின் நிறம், மணம், அடியில் படியும் வண்டல் என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதினார். அத்தனை பெரிய அறிஞர்கள் வெட்கப்படாமல் எழுதிய விடயத்தைத்தான் நான் உம்மாவின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உம்மம்மா இந்த மருந்தை அதிகம் அவித்தது நீராவிப்பிட்டியில் அல்ல, புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் கைக்குழந்தையோடு இருந்த ஊரை விட்டார். முகாமில் கிடுகுக் கொட்டில்கள் நெருக்கமாக இருந்தன. மலசலகூடங்களோ மிகக் குறைவு. பெண்கள் ஸுபஹுக்கு முன் இருட்டில் ஒருதரம் போவார்கள், பிறகு மஃரிபுக்குப் பின்தான். இடையில் போக வேண்டி வந்துவிடும் என்று பயந்து பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்களாம். குடிக்கக் கிடைத்த தண்ணீரும் உவர். நோய் வராமல் என்ன செய்யும்?

இரவில் யாராவது ஒரு பெண் கொட்டில் வாசலில் வந்து நின்று, "ராத்தா, கொஞ்சம் நெருஞ்சி இருக்கா?" என்று மட்டும் கேட்பாராம். அதற்குமேல் அவரும் சொல்வதில்லை, உம்மம்மாவும் கேட்பதில்லை. தேங்காய்ப்பூக்கீரைக்குச் சிங்களத்தில் பொல்பலா என்று பெயர் என்பதையும் அங்கேதான், சந்தையில் கீரை விற்ற ஒரு சிங்களப் பெண்ணிடம் அவர் தெரிந்துகொண்டார். பொல் என்றால் தேங்காய், பலா என்றால் கீரை. தேங்காய் துருவிப் போட்டது போன்ற அந்த வெள்ளைப் பூவுக்கு இரண்டு மொழிக்காரரும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு முதல் நாள் குடித்ததில் எரிவு குறைந்தது. இரண்டாம் நாள் இரவு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் தாங்க முடியாத நோ. இன்னொரு செம்பு கொடுத்துப் பார்ப்போமா என்று உம்மா கேட்டார். உம்மம்மா என் முதுகில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "இது நெருஞ்சிக்கு அடங்காது. ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்.

கிருமி சலப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார் வைத்தியர். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் குட்டையானது, அதனால் கிருமி எளிதில் உள்ளே போய்விடும், தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சலம் போனால் அது கழுவுப்பட்டு வெளியேறும் என்று விளக்கினார். உம்மம்மாவின் செம்புக் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. 1930களில் சல்பா மருந்துகள் வரும்வரை உலகத்தில் மற்றவர்களுக்கும் பார்லித் தண்ணீர் போன்றவைதான் துணை. ஆனால் மேலே ஏறிய கிருமிக்கு நுண்ணுயிரெதிரி வேண்டும். ஊசியும் மாத்திரையும் ஏற்றுக் குணமானேன்.

"ஸ்கூல்ல ஒரு நாளைக்கு எத்தனை தரம் பாத்ரூம் போறீங்க?" என்று வைத்தியர் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். உம்மா என்னைப் பார்த்தார். ஒருதரமும் இல்லை என்பதுதான் பதில். நான் அப்போது படித்த பாடசாலையில் மலசலகூடக் கதவுக்குக் கொளுக்கி இல்லை. அதனால் காலையில் தேநீரைக்கூடப் பாதியோடு வைத்துவிட்டுப் போவேன். முகாமுக்கும் எனக்கும் இடையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல். வீட்டுக்கு வந்த பிறகு இதைக் கேட்ட உம்மம்மா என்னை ஏசவில்லை. "நாங்க வழியில்லாமக் கிடந்தம். நீங்களும் ஏன் புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவரே கிளினிக் போகிறார். எங்களுக்குப் பக்கத்து அநுராதபுர மாவட்டத்தில், மதவாச்சி, பதவியா பக்கங்களில் 1990களிலிருந்து பெருகிய, காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் வன்னி விவசாயிகளையும் பிடித்திருக்கிறது. அது தொடக்கத்தில் கடுக்காது, எரியாது, ஆகவே யாரும் நெருஞ்சி தேடுவதுமில்லை. இரத்தத்தில் கிரியற்றினின் பார்த்தால்தான் தெரியும். உம்மம்மாவுக்கு அளவு சற்றுக் கூடியிருக்கிறது. எந்தக் கசாயமும் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்றும், பொட்டாசியம் கூடியது என்பதால் இளநீரையும் தவிர்க்கும்படியும் சொல்லியிருக்கிறார்கள். மூலிகைதானே, என்ன செய்யும் என்று நானும் கேட்டிருப்பேன். ஆனால் ஆடுதீண்டாப்பாளை இனத்து மூலிகைகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தையே அழிக்கும் என்றும், 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய அந்த இனத்து மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலர் அப்படிச் சிறுநீரகத்தை இழந்தார்கள் என்றும் வாசித்த பிறகு கேட்கவில்லை.

இளநீரை விடச் சொன்னதுதான் உம்மம்மாவுக்குப் பெரிய கவலை. போன தவணை விடுமுறையில் நான்தான் அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். திரும்பும் வழியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் மஞ்சள் பூவோடு நெருஞ்சி படர்ந்து கிடந்தது. குடிக்கக் கூடாது என்று சொன்னார்களே என்றேன்.

"எனக்கில்ல" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பிடுங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.