இணைய அங்காடியும் இடைக்கணமும்

வாணிகத்திற்கு உயிராவது நம்பிக்கை. இணைய அங்காடியில் அந்நம்பிக்கையைக் கெடுக்க ஒரு கணத்தினும் சிறிய இடைவெளியே போதும். அஃது எங்ஙனம் என்பதை எம் ஊராகிய ஆரணியின் பட்டுச் சேலையைக் கொண்டே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கைத்தறியிற் பல நாள் உழைத்து நெய்யப்படும் சேலை ஒவ்வொன்றும் தனிப்பொருள். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இன்று இணையக் கடைகளிலும் விலைபோகின்றது. குறித்த ஒரு வண்ணத்தில் ஒரே சேலை உளதாயின், கடையின் கணக்கில் இருப்பு 1 என்று நிற்கும். சென்னையில் ஒருவரும் சிங்கப்பூரில் ஒருவரும் ஒரே நொடியில் அதற்கு விலை செலுத்துவதாகக் கொள்வோம். மென்பொருள் செய்வன இரண்டு: முதலில் இருப்பைப் பார்த்தல், பின்பு அதனைக் குறைத்தல். முன்னவர்க்காகப் பார்த்துக் குறைக்குமுன் பின்னவர்க்காகவும் பார்த்துவிடின், இருவர்க்கும் 'உண்டு' என்னும் விடையே கிடைக்கும். சேலை ஒன்று, பணம் செலுத்தினோர் இருவர். இதனைக் கணினி நூலார் 'ரேஸ் கண்டிஷன்' என்பர்.

தற்செயலாய் நேரும் இக்குறையை வேண்டுமென்றே விளைவித்தலும் கூடும். 2015ஆம் ஆண்டில் ஈகோர் ஹோமகோவ் என்னும் ஆராய்ச்சியாளர், ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடையின் பரிசு அட்டைகளிடையே 5 டாலரை மாற்றும் கட்டளையை ஒரே கணத்தில் இருமுறை விடுத்தார். இரண்டும் நிறைவேறவே, 15 டாலராயிருந்த மொத்த இருப்பு 20 ஆயிற்று. அவர் பணத்தை ஈடுசெய்து, குறையையும் அந்நிறுவனத்திற்கு அறிவித்தார்.

2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டாட் வார்ஸாவ்ஸ்கி, பீட்டர் பெய்லிஸ் என்போர் இணையக்கடை மென்பொருள்கள் 12ஐ ஆராய்ந்து, இத்தகைய குறைகள் 22 கண்டனர். ஒரே பரிசுச்சீட்டைப் பலமுறை செலவிடுதல், இருப்பிற்கு மிகுதியாக வாங்குதல், விலை கட்டாமலே கூடையிற் பொருள் சேர்த்தல் ஆகியன அவற்றாற் கூடும். அவற்றுட் பெரும்பாலானவை, பார்த்தலையும் குறைத்தலையும் ஒரே செயலாகக் கட்டாமையால் நேர்ந்தவை.

தீர்வு யாது? எம் ஊர்த் தறியில் சேலையின் உடலை நெய்யுமாற்றை நோக்குக. மிதியை மிதிக்கப் பாவிழைகள் பிரிந்து வழிவிடும். நாடா அவ்வழியே சென்று, ஊடை அச்சினால் அடிபட்டு நெருங்கிய பின்னரே அடுத்த வழி திறக்கும். அங்ஙனமே, பார்த்தல் தொடங்கிக் குறைத்தல் முடியுமளவும் அப்பதிவைப் பூட்டிவைத்தல் வேண்டும். அன்றேல், 'இருப்பு உளதாயின் மட்டும் குறைக்க' என்னும் பிரிக்கவொண்ணாத ஒரே கட்டளையாக ஆக்கல் வேண்டும்.

பெருங்கடை இத்தகைய இழப்பைத் தாங்கும். ஓரிரு தறிகளை நம்பிச் சிறு இணையக்கடை நடத்தும் குடும்பமோ தாங்காது. சேலை வந்து சேராதவர் மென்பொருளைப் பழியார். விற்றவரையே பொய்யர் என்பர். ஆதலின், கணினி பயிலும் நம் தோழர்கள், தம் நிரல் ஒருவர் வருங்கால் செவ்வனே நடத்தலைக் கண்டு அமையாது, இருவர் ஒருங்கே வருங்காலும் நடக்குமோவெனச் சோதித்தபின் அதனைப் பிறர் கையிற் கொடுப்பாராக.