பாதி நம்பிய குரல்

என் தந்தை குமரிக் கடற்கரையில் கட்டுமரம் செலுத்தியவர். எங்கள் வீட்டின் ஒரே செல்வம் பேட்டரியில் இயங்கிய வானொலிப் பெட்டி. மாலையில் வானிலை அறிக்கை வாசிக்கப்படும்போது தெருவே அமைதியாகிவிடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு வந்துவிட்டால், அடுப்பெரியாத நாளிலும் அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிடுவார்.

ஆனால் செய்தி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "காத்தைப் பத்திச் சொன்னா முழுசா நம்பலாம் மக்கா, சர்க்காரைப் பத்திச் சொன்னா பாதிதான்" என்றார்.

அதன் பொருள் பின்னரே விளங்கிற்று. 1936-இல் அகில இந்திய வானொலி என்று பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் குறிக்கோள், பலருடைய நன்மையும் பலருடைய மகிழ்ச்சியும். எனினும் நெருக்கடிநிலை நிலவிய 1975 முதல் 1977 வரை, அது ஆள்வோரின் குரலாகவே ஒலித்தது. தன்னாட்சி வழங்கும் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறியும், நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. இன்றும் அதன் செலவுக்கான பணம் பெரும்பாலும் அரசிடமிருந்தே வருகிறது.

தனியார் அலைவரிசைகள் பெருகிய இக்காலத்தில் அரசு வானொலி எதற்கு எனச் சிலர் வினவுகின்றனர். இலாபம் தராத கடலோரக் குப்பத்திற்கும் புயலை அறிவிக்க ஒரு பொதுக்குரல் வேண்டும் என்பேன். ஆனால் நம்பிக்கையைக் கூறுபோட இயலாது. ஆட்சியைப் பற்றி அரைகுறையாகப் பேசும் குரலின் புயலெச்சரிக்கையையும் மக்கள் ஒருநாள் பாதியாகவே கேட்பர். அன்று கடலில் இருப்போரின் கதி என்ன?