பட்டியலை யார் எழுதுகிறார்கள்?

கேள்வியைக் கேட்டவள் என் சித்தப்பா மகள். ஹட்டனில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். விடுமுறைக்கு அக்கரப்பத்தனை வந்தால் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கொழும்பு நிறுவனமொன்றின் சேர்வர்களை நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சேர்வர்கள் அமேசானின் மேகக் கணிமையில், கடல் கடந்த ஊரொன்றில் ஓடுகின்றன. அன்று பைதனில் ஒரு வரி எழுதி ஓட்டினேன். ‘டிஸ்க்ரைப் அவைலபிள் பேச்சஸ்’ என்ற கட்டளை. விண்டோஸ் சேர்வருக்குப் போடக்கூடிய பேட்ச்கள், அதாவது மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள், எண், திகதி, ஆபத்தின் அளவு என்று வரிசையாக இறங்கின.

“இத யாருண்ணே எழுதுறாங்க?” என்றாள்.

நாள்தோறும் நம்பி வேலை செய்யும் ஒரு பட்டியல். அது எங்கே பிறக்கிறது என்று தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் கட்டளையைத் தேடினோம். அது போடோ3 என்ற மென்பொருள் நூலகத்தின் வழியாக ஓடுகிறது. அமேசானின் சேமிப்புச் சேவை தொடங்கிய 2006ஆம் ஆண்டிலேயே மிட்ச் கார்னாட் என்பவர் எழுதத் தொடங்கியது போடோ. அமேசான் ஆற்றில் வாழும் ஓங்கிலின் பெயர் அதற்கு. 2015 ஜூனில் வந்தது மூன்றாவது வடிவம். மூலநிரல் யாரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. அதற்குள் இந்தக் கட்டளையின் பெயரைத் தேடினால், அப்படியொரு ஃபங்ஷனை யாரும் எழுதியிருக்கவே இல்லை. அடியில் போடோகோர் என்று இன்னொரு நூலகம் இருக்கிறது. அதில் எஸ்எஸ்எம் என்றொரு கோப்புறை, அதற்குள் 2014-11-06 என்று திகதியையே பெயராகக் கொண்ட இன்னொன்று, அதற்குள் ஒரு பெரிய ஜேசன் கோப்பு. பெயர் அங்கேதான் இருந்தது, அதுவும் நிரலாக இல்லை, குறிப்பாக. இந்தக் கேள்வியை எப்படிக் கேட்கலாம், எதை வைத்துச் சலிக்கலாம், பதிலில் என்னென்ன வரும் என்ற விவரம் மட்டுமே. நாம் நிரலை ஓட்டும் கணத்தில் போடோகோர் அந்தக் குறிப்பைப் படித்து ஃபங்ஷனை உண்டாக்கித் தருகிறது. சித்தப்பா மகள் அந்தக் கோப்பை வெகுநேரம் மேலும் கீழும் உருட்டிப் படித்தாள். மேகத்தோடு பேசும் அந்த நூலகத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட விவரக் குறிப்புகளால் ஆனது என்பதை அன்று அவள் கண்ணாலேயே பார்த்தாள். எந்தப் பாடப்புத்தகமும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

அந்தக் குறிப்பிலும் ஆவணங்களிலும் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. பதில் ஒரே தடவையில் வராது. பக்கம் பக்கமாக வரும். இன்னும் பக்கம் பாக்கி இருந்தால், முடிவில் ‘நெக்ஸ்ட் டோக்கன்’ என்றொரு அடையாளச் சீட்டு தரப்படும். அதைக் காட்டி மறுபடி கேட்காதவருக்கு முதல் பக்கம்தான் முழு உலகம். அடுத்தது இதைவிட முக்கியம். நான் பார்த்த ஆவணத்தின்படி இந்தக் கேள்விக்கு விண்டோஸ் சேர்வர், அமேசான் லினக்ஸின் முதல் இரண்டு தலைமுறைகள் ஆகியவற்றுக்கு மட்டுமே பதில் உண்டு. உபுண்டு ஓடும் இயந்திரத்துக்கு வேறு வழியில்தான் தேட வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் போலத்தான்: பெயர் பதிந்தவருக்கே பேர் விழும், பதியாதவர் நாள் முழுக்க மலையில் நின்றாலும் கணக்கில் வரமாட்டார்.

அடுத்து, பட்டியலின் உள்ளடக்கம். அமேசான் தன் பேட்ச் மேனேஜர் சேவையை 2016 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. விண்டோஸ் பேட்ச்களை எழுதுவது மைக்ரோசொப்ட், லினக்ஸ் பேட்ச்களை எழுதுவது அந்தந்த லினக்ஸைப் பராமரிப்பவர்கள். அமேசான் அந்த விவரங்களைத் திரட்டி, நாம் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிறது. எதை எப்போது போடுவது என்ற தீர்மானம் நம்முடையது. நாம் ஒன்றும் தீர்மானிக்காவிட்டால், விண்டோஸுக்கான இயல்பான ஏற்பாட்டின்படி முக்கியமான பாதுகாப்புப் பேட்ச்கள் வெளியாகி ஏழு நாள் கழித்துத் தானாக அனுமதிக்கப்படும்.

மைக்ரோசொப்டின் பேட்ச்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். எங்கள் மலையில் அப்போது இரவு பத்தரை மணி. அமெரிக்கக் குளிர்காலத்தில் பதினொன்றரை. இந்த மாத ஒழுங்கு 2003 ஒக்டோபரில் ஏற்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் ஸ்லாமர் என்ற கணினிப் புழு நிமிடக் கணக்கில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அதைத் தடுக்கும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. போடத்தான் ஆளில்லை. இன்னும் பின்னால் போனால், மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பாக அனுப்பிப் பழைய நிரலைத் திருத்தும் ‘பேட்ச்’ என்ற நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். அதற்கும் முன்னால், 1944இன் ஹார்வர்ட் மார்க் 1 கணினியில், துளையிட்ட காகித நாடாவின் பிழையான இடத்தில் காகிதத் துண்டையே ஒட்டினார்கள்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் உலுக்கியது ஒரு பதிவு. மைக்ரோசொப்டின் பட்டியலில் கேபி4012212 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். விண்டோஸ் 7, சேர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றுக்கான பாதுகாப்புப் பேட்ச். வெளியான நாள் 2017 மார்ச் 14. மே 12ஆம் திகதி வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் நச்சுநிரல் 150க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரித்தானிய அரச மருத்துவமனைகளில் நோயாளர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த நச்சுநிரல் நுழைந்த வாசலை அடைக்கும் பேட்ச் இரண்டு மாதமாகப் பட்டியலில் இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

கேட்டாலும் கிடைக்காத இடத்துக்குப் போக வெளிநாடு தேவையில்லை. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி எங்கள் நாட்டு அரசாங்கத்தின் சொந்த மேகமான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்தது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினதும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதி இல்லை. அங்கே ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. காலாவதியான, தாக்குதலுக்கு இலகுவில் இலக்காகக்கூடிய பதிப்பு அது என்று, அந்த மேகத்தைப் பராமரித்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே சொன்னது. புதிய பதிப்புக்கு மாற 2021இலிருந்தே திட்டம் இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் தாமதமானதாம்.

எக்ஸ்சேஞ்ச் 2013க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதி நிறுத்தியிருந்தது. அது மின்னஞ்சல் மென்பொருள், இயங்குதளம் அல்ல. விதி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆதரவு முடிந்த மென்பொருளுக்கு அதுவரை வந்த பேட்ச்களையெல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, இன்னும் என்ன பாக்கி என்று கேளுங்கள். ‘விடுபட்டவை: பூச்சியம்’ என்று வரும். இன்று வெளியான பேட்சை இன்றே போட்டு முடித்த இயந்திரத்துக்கும் அதே பூச்சியம்தான். காவல் போட்டதால் வந்த பூச்சியம் எது, காவல்காரன் வேலையை விட்டுப் போனதால் வந்த பூச்சியம் எது என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. பேட்ச்களைப் பற்றி இத்தனை விவரம் தருகிற பட்டியல், எழுதுகிறவர் எப்போது எழுதுவதை நிறுத்திவிட்டார் என்பதை எந்தக் கட்டத்திலும் தருவதில்லை. என் தேடலில் கிடைத்த விடைகளிலேயே இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். சித்தப்பா மகளிடமும் இதைத்தான் சொன்னேன்.

அதன் பிறகு நான் எழுதும் அறிக்கைகளில், பேட்ச் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஆதரவு முடியும் திகதியையும் தனிக் கட்டமாகப் போடுகிறேன். விண்டோஸ் சேர்வர் 2012க்கு அந்தத் திகதி 2023 ஒக்டோபர் 10. அதற்கு மேலும் பேட்ச் வேண்டுமென்றால், குறிப்பிட்ட காலத்துக்கு, பணம் கட்டி வாங்க வேண்டும். திகதி கடந்த இயந்திரத்துக்கு நேரே பூச்சியம் இருந்தால், அதைச் சிவப்பில் காட்டுகிறேன்.

மலையகத்தில் பள்ளிக்கூடக் கணினி அறை, தோட்ட அலுவலகம், நகல் எடுக்கும் கடை என்று கணினி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ‘வின்வர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் உங்களுடையது எந்தப் பதிப்பு என்று தெரியும். 10 என்றிருந்தால், நீடிப்பு ஆதரவுக்குப் பதியுங்கள், அல்லது 11க்கு மாறுங்கள். அந்த இயந்திரம் 11ஐத் தாங்காது என்றால் லினக்ஸ் போடுங்கள், அதற்குப் பணம் தேவையில்லை. பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலும் தொழிலாளரின் சம்பளக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.