தங்கவயலைக் கண்டோம்

மைசூர் அரண்மனைக்கும் நந்தி மலைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம் ஸ்ரீராம்புரத்துக் குடும்பத்தார், கோலார் தங்கவயலைக் காணத்தக்க இடமாகக் கருதுவதில்லை. கலியாணத்திற்கும் சாவிற்கும் அங்கே போய் வருவோர் நம்மிடையே உண்டு. ஊரைப் பார்ப்பதற்கென்று போவோர் அரியர். அக்குறை தீரச் சென்ற மாதம் நண்பர் நால்வராக நாம் புறப்பட்டோம்.

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறிவிட்டால் இடையில் வண்டி மாறவேண்டுவதில்லை. முன்னாளில் பவுரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையில் கிளைப்பாதை பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிந்து நிற்கிறது. இரயில்வே எழுத்தராய் இருப்பதனாலோ என்னவோ, அப்பால் செல்லாமல் நின்றுவிடும் பாதைகளின்மீது நமக்குத் தனிப் பற்று. பிற பாதைகள் ஊர்களை இணைக்கப் போடப்பட்டவை. இது பொன்னுக்காகப் போடப்பட்டது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே தொழில் தொடங்கினர். சுரங்கத்தில் இறங்கியவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவருள்ளும் மிகுதியானோர் ஆதிதிராவிட மக்கள். பண்ணையடிமை வாழ்வை உதறிவிட்டுக் கூலியைக் காசாகக் கையில் வாங்க வந்தவர்கள். சாம்பியன் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கியது. அங்கே வெப்பமும், திடீரெனப் பாறை வெடிக்கும் அச்சமும், நுரையீரலை அரிக்கும் கல் தூசும் காத்திருந்தன. 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் முதலில் இங்கேதான் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். எனினும் அவ்வெளிச்சம் தொழிலாளர் குடிசைக்காக வந்ததன்று.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. துருவேறிய இரும்புக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. வரிசை வரிசையாய்ச் சிறு வீடுகள் அமைந்த 'லைன்'களில் மக்கள் வாழ்கின்றனர். வேலைக்காக விடியற்கால வண்டியில் பெங்களூருக்கு வந்து இரவில் திரும்புகின்றனர். வாசற்படியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, நேரமல்லா நேரத்தில் சங்கு ஊதினால் லைன் முழுவதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்த வீட்டுக்குச் செய்தி வருமோ என்று ஒருவரும் பேசமாட்டார்கள்" என்றார். அந்தச் சங்கு எங்கே இருந்தது என்று கேட்டோம். கையை நீட்டிக் காட்டினார். அங்கே முட்புதரே தெரிந்தது.

இரும்பும் கல்லும் மட்டுமா மறைகின்றன? அயோத்திதாச பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914இல் மறைந்த பின், 1926 முதல் இத்தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்டது. சாம்பியனிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சுரங்கக் கூலியிலிருந்து காசு கொடுத்து அவற்றை வாங்கிப் படித்தவர்கள் நம் பாட்டன்மார்! 1930இல் கைரேகை பதியச் சொன்னபோது, நாங்கள் குற்றவாளிகளா என்று வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களே. இவற்றைச் சொல்லும் பலகை ஒன்றேனும் வழியில் நம் கண்ணிற்படவில்லை. வெள்ளைக்காரர் பங்களாக்களைக் காட்டி, 'குட்டி இங்கிலாந்து' என்று பெருமை பேசுவோரைத்தான் கண்டோம். அப்பெருமை நமக்கு எதற்கு?

அமெரிக்காவில் நீக்ரோ மக்கள் என்று முன்னர் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கும் இந்நிலை இருந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், விடுதலை பெற்ற கறுப்பர் அமைத்த வீக்ஸ்வில் என்னும் குடியிருப்பு மறக்கப்பட்டே போயிற்று. 1968இல் விமானத்திலிருந்து தேடியவர்கள், எஞ்சிய பழைய மரவீடுகள் சிலவற்றைக் கண்டனர். அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி, அவை இடிபடாமல் காத்தனர். இன்று அவை பிள்ளைகள் சென்று பார்க்கும் காட்சிசாலையாக விளங்குகின்றன. அரண்மனைகள் அல்ல, உழைத்தவர் குடியிருந்த எளிய வீடுகளே.

தங்கவயலிலோ நேரம் குறைவு. சுரங்கத்திலிருந்து கொட்டிய சயனைடு மண் மேடுகளை மீண்டும் எடுத்துப் பொன் பிரிக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. பொன் எடுக்கட்டும், பிழைப்புக் கிடைத்தால் நன்றே. ஆனால் ஒரு லைன் வரிசையையும் ஒரு கோபுரத்தையும் உள்ளபடியே விட்டுவைக்கும்படி கேட்க வேண்டியவர்கள் நாமே.

அன்பர்கள் தம் வீட்டுப் பரணைப் பார்க்கவும். பாட்டனாரின் வேலைச் சீட்டு, சம்பளச் சீட்டு, சுரங்க விளக்கு, 'தமிழன்' பழைய இதழ் ஏதேனும் இருப்பின், பழைய பேப்பர்க்காரருக்குப் போடுமுன் நம் சங்கத்தாரிடம் காட்டவும். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். ஞாயிறு காலைகளில் நாம் சங்க அறையில் இருப்போம்.