போகிறவள் சொல்லும் ‘வரேன்’

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அறை. கீழே பூக்கடை ரேடியோவும் பஸ் சத்தமும் ஓய்வதில்லை. மேலே ஒரு மேசை விளக்கு, ஒரு டேப்லெட், மூலையில் இடுப்பளவுக்குக் காகிதக் கட்டு. படம் வரைகிறவர் முப்பது வயதுப் பெண். பகலில் விளம்பர வேலை. இரவிலும் சனி ஞாயிறிலும் காமிக்ஸ். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

நான் போன அன்று மேசைமேல் ஒரே ஒரு பக்கம் கிடந்தது. நான்கு கட்டங்கள். அவருடைய அப்பா சிறுவனாக வளர்ந்த கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்துக் கதை. முதல் கட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல். இன்னும் விடியவில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் உளியும் தோளில் காண்டா வாளியுமாக ஒரு பெண் படியிறங்குகிறாள். வாசல் நிலையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பையன். படியிறங்குகிறவர் இவருடைய பாட்டி. பையன் இவருடைய அப்பா.

படத்துக்கு மேலே, கதை எழுதியவர் கொடுத்த வாசகம் பென்சிலில் இருந்தது: ‘அதிகாலை நான்கு மணி. இருள் இன்னும் விலகவில்லை. அம்மா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டக் கிளம்பினாள்.’

“இதுல படத்துல இல்லாதது ஏதாச்சும் ஒண்ணு இருக்கா, பாத்துச் சொல்லுங்கண்ணே” என்றார்.

தேடினேன். இருட்டு படத்தில் இருக்கிறது. விளக்கு இருக்கிறது. கிளம்புவது இருக்கிறது. மணி மட்டும்தான் இல்லை. அதுவும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இருட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்று வரியையும் ரப்பரால் அழித்தார். அந்த இடத்தில் ஒரே வரி எழுதினார்: ‘அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.’

படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் நான் பார்த்த பெண் மாறிவிட்டாள். சற்று முன்னால் நிமிர்ந்து நடப்பதாகத் தெரிந்தவள் இப்போது தோளைத் தாழ்த்தி நடப்பதாகத் தெரிந்தாள். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பளபளத்த கன்னம் வியர்வையாகிவிட்டது. பையன் நிலையைப் பிடித்திருக்கும் பிடி இறுகிவிட்டது.

அதையும் அழித்துவிட்டு வேறொன்று எழுதினார்: ‘அந்தத் தோட்டத்தில் அதுதான் எங்கள் கடைசி வாரம்.’ இப்போது என் கண் அந்தப் பெண்ணிடம் நிற்கவில்லை. லயத்துச் சுவருக்குப் போயிற்று. வாசலில் இருந்த செம்பருத்திச் செடிக்கு, படிக்கல்லுக்குப் போயிற்று. முதலில் பார்த்தபோது அங்கே செடி இருந்ததையே நான் கவனித்திருக்கவில்லை.

இருபது வருடமாகப் பத்திரிகைப் படங்களுக்குக் கீழே வாசகம் எழுதி வருகிறேன். ‘விழாவில் கலந்துகொண்டவர்கள்’ என்று எழுதிய நாட்கள் எத்தனையோ. ஒரு வரி படத்துக்கு விளக்கம் சொல்வதற்காக இல்லை, படத்துக்குள் கண் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்புவதற்காக இருக்கிறது என்பதை அந்த மேசையில்தான் நேருக்கு நேர் பார்த்தேன். அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்லவுட், காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸ் வடிவிலேயே 1993இல் ஒரு நூல் போட்டார். சொல்லும் படமும் சேருகிற வழிகளை அதில் ஏழாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றில்லாமல் மற்றது அந்தப் பொருளைத் தர முடியாது என்கிற சேர்க்கைதான் அவற்றில் அதிகம் புழங்குவது என்பார். நூலைப் படித்தபோது ஒரு பாகுபாடாகத்தான் மனதில் பதிந்தது. ரப்பர்த் தூள் படிந்த அந்தக் காகிதத்தில் அது ஒரு தாயின் காய்ச்சலாக இருந்தது.

எந்த வரியை வைக்கப் போகிறார் என்று கேட்டேன். “காய்ச்சல்தான். அப்பா அதைத்தான் சொல்வார்.”

இந்த நகரத்தில் இப்படிப் படமும் எழுத்தும் சேர்ந்து வாழ்ந்த வாழ்வு சின்னது இல்லை. தாமான் போத்தானி பெர்டானாவுக்குள் இருக்கும் கார்ட்டூன், காமிக்ஸ் இல்லத்துக்குப் போனால் அது புரியும். லாட் என்று உலகம் அறிந்த முகமட் நோர் காலிட், பேராக்கில் கம்பத்து, அதாவது கிராமத்துப் பையனாக வளர்ந்தவர். 13 வயதில், 1964இல், முதல் காமிக்ஸ் புத்தகத்தை வெளியிட்டுவிட்டார். பிறகு கோலாலம்பூருக்கு வந்து குற்றச் செய்தி நிருபராக அலைந்தார். 1974இல் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் கார்ட்டூன் போடத் தொடங்கினார். 1979இல் ‘தி கம்போங் பாய்’ வந்தது.

அந்த நூலை நான் பல தடவை படித்திருக்கிறேன். இந்த முறை எழுத்தை மட்டும் படித்தேன், பிறகு படத்தை மட்டும் பார்த்தேன். எழுத்து மட்டும் என்றால், பெரியவர் ஒருவர் தன் பிள்ளைப் பருவத்தை அமைதியாக, மரியாதை குறையாமல் சொல்லும் கதை. படம் மட்டும் என்றால், பரட்டைத் தலையும் துருதுரு உடம்புமாக ஒரு பயல் பக்கம் முழுக்க அடிக்கிற கூத்து. சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒரே ஆள் இரண்டு வயதில் நம் முன்னால் நிற்கிறார்: நினைத்துப் பார்க்கிற பெரியவர் எழுத்தில், ஓடித் திரிகிற பையன் படத்தில். எழுத்தும் அச்சு எழுத்தாக இல்லாமல் கையால் எழுதியது. அதே பேனா வீட்டுக் கூரையையும் வரைந்திருக்கிறது, சொல்லையும் எழுதியிருக்கிறது. வெவ்வேறு வாயிலிருந்து வருவதாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.  

கிள்ளானில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியவர் பிரிக்பீல்ட்ஸ் ஓவியர்தான். “நான் படம்தான் போடுவேன். பேச வைக்கிறது மாமாதான்.”

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் சுபாங் ஜெயா, ஷா ஆலம் தாண்டிக் கிள்ளான். ரயிலில் உட்கார்ந்து திருவாரூரை நினைத்துக்கொண்டிருந்தேன். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை நீளப் பட்டைகளாக, காட்சி காட்சியாக எழுதப்பட்டிருக்கிறது. பழைய காலத்து வேலை. ஓவியர் சிங்காதனம் தன் பெயரையும் விட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் உண்டு. கழுத்து வலிக்க நின்று பார்த்தபோது அதை வெறும் பெயர்ப்பலகையாக எண்ணினேன். இப்போது தோன்றுகிறது, விதானத்தை அண்ணாந்து பார்க்கிறவனை அடுத்த காட்சிக்கு நகர்த்துகிற வேலையை அந்தச் சின்ன எழுத்துகள் செய்துகொண்டிருந்தன என்று.

தெங்கு கெலானா சாலையில் துணிக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி, பின்புறத் தெருவில் ஒரு பட்டறை. அவர் ‘மாமா’ என்று சொன்ன ஐயாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. இளமையில் கடைப் பெயர்ப்பலகையும் சினிமா பேனரும் எழுதியவர். பிளாஸ்டிக் பேனர் வந்து அந்த வேலையைக் கொண்டுபோனது. இப்போது பள்ளிகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் எழுதிக் கொடுக்கிறார். காமிக்ஸ் பலூனுக்குள் எழுத்து போடுவது அவருக்கு வருமானம் குறைந்த வேலை. அவர் அதிகம் பேசியது அதைப் பற்றித்தான்.

“தம்பி, எல்லாரும் பலூனை வரைஞ்சிட்டு உள்ள எழுத்தைத் திணிப்பாங்க. மொதல்ல எழுத்து. எழுத்து உக்காந்த பிறகு அதைச் சுத்திக் கோடு.”

செய்து காட்டினார். இங்கிலீஷ் காமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம். செங்கல் அடுக்குவதுபோல அடுக்கிவிடலாம். தமிழில் ‘கி’க்குத் தலைக்கு மேல் வளைவு, ‘கூ’வுக்குக் காலுக்குக் கீழே சுழி. வரிக்கு வரி இடம் விடாவிட்டால் மேல்வரிச் சுழி கீழ்வரி வளைவில் இடிக்கும். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் பலூனில் பாதி போய்விடும். நடுவில் உடைத்தால், படிக்கிற பிள்ளை அந்த இடத்தில் தடுக்கி விழும். அதனால் ‘வர்றாங்க’ என்று பேச்சுத் தமிழுக்குப் போக வேண்டும். இடம் போதாமல் பேச்சுத் தமிழுக்குப் போவதை ஒரு குறையாக நினைத்துத்தான் கேட்டேன். அவர் தலையாட்டினார். “பலூனுக்குள்ள இருக்கிறது பேச்சு, தம்பி. அந்தப் பொண்ணு வாயால எப்படிச் சொல்லுமோ அப்படித்தான் வரணும்.”

புள்ளி அவருடைய பெரிய கவலை. படத்தைச் சுருக்கி அச்சடிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துபோகும். ‘பால்’ ‘பால’ ஆகிவிடும், ‘கண்’ ‘கண’ ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் கோட்டின் தடிமனைவிடப் பெரிதாக, சற்று விலக்கி வைக்கிறார். பூதக்கண்ணாடி வழியே பார்த்தேன். புள்ளி ஒவ்வொன்றும் தனியாக, முழு வட்டமாக நின்றது. சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டிய இடத்தில் இங்கிலீஷ்காரர்கள் எழுத்தைத் தடிப்பாக்குவார்கள். இவர் உயிரெழுத்தைச் சேர்த்து நீட்டுகிறார்: ‘அம்மாஅஅ’. இலக்கண வகுப்பில் அளபெடை என்று மனப்பாடம் செய்தது கிள்ளான் பட்டறையில் மையோடு ஈரமாகக் கிடந்தது. பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் மழைத்துளி விழும் சத்தத்துக்கு ‘டக் டக்’ என்று இரண்டு போட்டால் தூறல் தொடங்குகிறது. ‘சடசட’ என்று போட்டால் வெட்டிய பால் வீணாகப் போகிறது என்று தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் மழைக்கோடே தேவையில்லை என்றார்.

பிறகு வால். பலூனிலிருந்து பேசுகிறவரின் வாயை நோக்கி இறங்குகிற கூர்முனை. நெஞ்சுக்குப் போகக்கூடாது, வாய்க்குப் போக வேண்டும். முதலில் பேசுகிறவரின் பலூன் இடப்பக்கம் மேலே. இரண்டு வால்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. வெட்டினால் யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்பது குழம்பிப்போகும்.

வாலைப் பற்றிப் பேசும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் இரும்புக்கை மாயாவி நினைவுக்கு வந்தார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழில் ஆரம்பித்த தொடர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சிறுவயதில் அந்தக் கையைத்தான் பார்த்தேன். இப்போது தொழிலாகப் பார்த்தால், உயிர் வாலில் இருக்கிறது. மாயாவி பேசுகிற கட்டத்தில் பலூனின் வால் வெறுங்காற்றில் போய் நிற்க வேண்டும். கை எங்கே என்று படம் சொல்கிறது, வாய் எங்கே என்று எழுத்து சொல்கிறது. நடுவில் உள்ள முழு உடம்பையும் படிக்கிற பிள்ளை தானே வரைந்துகொள்கிறது. வரையாமல் விட்ட அந்த உடம்பை என்னால் இன்றைக்கும் நினைவில் பார்க்க முடிகிறது.

பேச்சு முடிந்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்த அந்த நாலு கட்டப் பக்கத்தை ஐயா விரித்தார். மூன்றாவது கட்டத்தில் பாட்டி திரும்பிப் பார்க்கிறார், வாய் திறந்திருக்கிறது. பலூனுக்கான வசனம் ஓரத்தில்: ‘நான் வேலைக்குப் போகிறேன், நீ பத்திரமாக இரு.’ நான்காவது கட்டத்தில் ஆள் இல்லை. கித்தா மரங்களின் வரிசை, வெகுதூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி.

ஐயா பென்சிலை எடுத்து ‘பத்திரமாக இரு’வை அடித்தார். காய்ச்சலோடு போகிறவள் அதைச் சொல்லாமலே பையனுக்குத் தெரியும் என்றார். பிறகு ‘வேலைக்கு’ போயிற்று. உளி கையில் இருக்கிறதே. மிச்சம் ‘போகிறேன்’. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

“எந்த வீட்லயாவது அம்மா புள்ளகிட்ட போறேன்னு சொல்லுமா?”

சொல்லாது. போகிறவர் ‘போறேன்’ என்று சொன்னால் நம் வீடுகளில் பதறிவிடுவார்கள். அவர் எழுதினார்: ‘வரேன்டா’. காகிதத்தில் அவள் இருட்டுக்குள் போகிறாள். சொல் அவளைத் திரும்பக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுக்கிறது. படமும் எழுத்தும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. காய்ச்சல் என்கிற முதல் வரி தெரிந்தவனுக்கு அந்த இழுப்பு நெஞ்சில் விழுகிறது.

ஐயா இன்னும் திருப்தியாகவில்லை. பலூனைச் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி, மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். எடுத்து நான்காவதில், மரங்களுக்கு மேலே வைத்தார். வாலைப் பென்சிலால் கீழே இழுத்து, அந்த வெளிச்சப் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, இருட்டில் நிறுத்தினார். பிறகு போனை எடுத்தார். ஸ்பீக்கரில் பிரிக்பீல்ட்ஸ் வாகனச் சத்தம் கேட்டது.

“அம்மா, ‘வரேன்’ங்கிறதை நாலாவதுக்குக் கொண்டு போறேன். அங்க மேல ரெண்டு விரக்கடை இடம் விட்டுக் குடு.”

“அப்ப மூணாவதுல பாட்டி முகத்தை எடுத்துடவா மாமா?”

“முகம் இருக்கட்டும். வாயை மட்டும் மூடிடு.”